பழுதுபார்த்த பின்னும் கோப்புகள் காணவில்லையா? எக்ஸ்ட்4 அடைவுச் சிதைவைக் கண்டறியும் முறை

லினக்ஸ் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பழுதுபார்ப்பு ஓடி முடிந்து, கடைசி வரியில் "கிளீன்" என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். கணினியும் வழக்கம்போல் கிளம்புகிறது. ஆனால் ஓர் அடைவை (ஃபோல்டரை) திறந்தால் பாதிக் கோப்புகள் இல்லை. வேறோர் அடைவு முழுக்கக் காலியாக இருக்கிறது. லாஸ்ட்+ஃபவுண்ட் என்னும் அடைவிலோ, எண்களையே பெயராகக் கொண்ட கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. இந்த நிலையில் என்ன நடந்தது, எது போனது, எது இன்னும் மீட்கக்கூடியது, சிதைவு நின்றுவிட்டதா தொடர்கிறதா என்பவற்றை வரிசையாகக் கண்டறியும் முறையை, லினக்ஸில் இவ்வேலைக்குப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களையும் செய்திகளையும் ஒலிப்படியே தமிழில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்ப்பு நிரல், உங்கள் தரவைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டதன்று. கோப்பு முறைமையின் கணக்குகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கச் செய்வதே அதன் பணி. வருகைப் பதிவேட்டில் வராத மாணவனின் பெயரை அடித்துவிட்டால் பதிவேடு சரியாகிவிடும், மாணவன் வகுப்புக்கு வந்துவிட மாட்டான். "கிளீன்" என்பதன் பொருளும் அவ்வளவே.

அடைவு என்பது உள்ளே எப்படி இருக்கிறது

எக்ஸ்ட்4-இல் அடைவும் ஒரு கோப்புதான். அதனுள் முக்கியமாக இருப்பவை பெயர்களும் அப்பெயர்களுக்குரிய ஐநோடு (ஒரு கோப்பின் விவரங்களைத் தாங்கும் பதிவு) எண்களும்தான். கோப்பின் அளவு, உரிமையாளர், தேதிகள், உள்ளடக்கம் எந்தெந்த பிளாக்குகளில் (வட்டைப் பிரித்த சிறு துண்டுகளில்) இருக்கிறது என்ற விவரம் ஆகிய அனைத்தும் வேறிடத்தில், ஐநோடு அட்டவணையில் இருக்கின்றன. கோப்பின் பெயர் மட்டும் ஐநோடில் இல்லை. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும், ஏனென்றால் நோயறிதலின் மையக் கேள்வியே இதிலிருந்துதான் பிறக்கிறது: பெயர் போய் உள்ளடக்கம் தங்கியிருக்கிறதா, அல்லது பெயர் தங்கி ஐநோடு போய்விட்டதா? முதல் வகை இழப்பில் கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்டுக்கு வந்து சேரும். இரண்டாம் வகையில் பழுதுபார்ப்பு நிரல் அந்தப் பெயரையும் நீக்கிவிடுவதால், இழந்ததன் தடயம்கூட அடைவில் எஞ்சாது.

ஓர் அடைவுப் பதிவைக் கிட்டத்தில் பார்ப்போம். ஐநோடு எண் 262145 கொண்ட ஓர் அடைவு, மூல அடைவின் கீழ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பிளாக்கின் முதல் 4 பைட்டுகள் 1, 0, 4, 0 என்று இருக்கும். சிறிய பைட் முதலில் வரும் வரிசையில் இதைப் படித்தால் 262145 கிடைக்கும். அடுத்த 2 பைட்டுகள் பதிவின் நீளத்தைச் சொல்கின்றன: 12. அதையடுத்த ஒரு பைட் பெயரின் நீளம்: 1. பிறகு வகை: 2, அதாவது அடைவு (சாதாரணக் கோப்பு என்றால் 1, குறியீட்டு இணைப்பு என்றால் 7). அதன்பின் 46 என்ற பைட், அதாவது ஒற்றைப் புள்ளி. இது அடைவு தன்னையே குறிக்கும் பதிவு. இதற்கடுத்து இரட்டைப் புள்ளிப் பதிவு, தாய் அடைவான மூல அடைவின் ஐநோடு எண் 2-ஐத் தாங்கி நிற்கும். சாதாரண அடைவு பிளாக் ஒன்றில் ஒவ்வொரு பதிவின் நீளமும் அடுத்த பதிவு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதால், இடையில் ஒரே ஒரு நீளம் கெட்டாலும் அந்த பிளாக்கில் அதற்குப் பின்னுள்ள பெயர்கள் அனைத்தும் கைக்கெட்டாமல் போகும். "ரெக்லென் இஸ் ஸ்மாலர் தேன் மினிமல்" என்று கர்னல் (லினக்ஸின் மையநிரல்) புலம்புவது இதைப் பற்றித்தான்.

முதல் வேலை: எழுதுவதை நிறுத்துவது

காணாமல் போனதைத் தேடுவதற்கு முன்பாக அந்தப் பார்ட்டிஷனை (வட்டின் அந்தப் பிரிவை) அன்மவுண்ட் செய்து, பயன்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். அது இயங்குதளமே இருக்கும் பார்ட்டிஷன் என்றால், யூஎஸ்பியிலிருந்து கிளம்பும் ஒரு லைவ் லினக்ஸைப் பயன்படுத்துங்கள். படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்: எக்ஸ்ட்4-ஐ அப்படி மவுண்ட் செய்தாலும், ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பகுதியில்) முடிக்கப்படாத பதிவுகள் இருந்தால் கர்னல் அவற்றை வட்டில் எழுதிவிடும். அதையும் தடுக்க ஆர்ஓ என்பதோடு நோலோடு என்ற ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, முதல் பழுதுபார்ப்பின் பதிவை (லாக்) தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நீங்களே டெர்மினலில் ஓட்டியிருந்தால், அந்தச் சாளரத்தை மூடுவதற்கு முன் முழு வெளியீட்டையும் வேறொரு வட்டில் சேமியுங்கள். கணினி கிளம்பும்போது தானாக ஓடியிருந்தால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் சிஸ்டம்டி-எஃப்எஸ்சிகே சேவைகளின் பதிவுகளைப் பாருங்கள். டெபியன், உபுண்டு கணினிகளில் ரன் அடைவின் கீழுள்ள இனிட்ராம்எஃப்எஸ் அடைவிலும் ஒரு பதிவுக் கோப்பு இருக்கும், ஆனால் அது நினைவகத்தில் இருப்பதால் மறுபடி கிளப்பினால் போய்விடும். இந்தப் பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வட்டே கெடுகிறதா என்று பாருங்கள்

சிதைவு மென்பொருள் அளவில் நின்றுவிட்டதா, வன்பொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறதா என்று தெரியாமல் இரண்டாம் முறை பழுதுபார்ப்பது ஆபத்தானது. டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் "ஐ/ஓ எரர்" என்ற வரிகள் உள்ளனவா என்று தேடுங்கள். பிறகு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைச் சிறிய ஏ ஆப்ஷனோடு ஓட்டி நான்கு வரிகளை மட்டும் பாருங்கள்: 5-ஆம் எண் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களையும், 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களையும், 198 சரிசெய்ய முடியாதவற்றையும், 199 கேபிள் வழியே தரவு கெட்ட தடவைகளையும் காட்டுகின்றன. 199 மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் இந்த எண்கள் இருக்காது. அங்கே "மீடியா அண்டு டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" என்ற வரியைப் பாருங்கள்.

197-ஆம் எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், அந்த வட்டின் மீது இனி எதையும் செய்ய வேண்டாம். டிடிரெஸ்க்யூவைக் கொண்டு வேறொரு பெரிய வட்டில் முழுப் படிமம் (வட்டின் அச்சு அசலான நகல்) எடுத்து, அந்தப் படிமத்தின் மீதே எல்லா வேலைகளையும் செய்யுங்கள். இதில் மேப் கோப்பைக் கொடுக்க மறக்கக் கூடாது. எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதை அது குறித்து வைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வட்டு நலமாக இருந்தாலும் ஒரு படிமம் எடுத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். பெரிய வட்டுக்கு இது பல மணி நேர வேலைதான். ஆனாலும் பிறகு தவறான பதில் ஒன்றை அழுத்திவிட்டால் திரும்பிப் போக அதைவிட நல்ல வழி இல்லை. இடமில்லாதவர்கள், குறைந்தபட்சம் ஈ2எஃப்எஸ்சிகே-யின் சிறிய இசட் ஆப்ஷனைப் பயன்படுத்தி ஓர் அண்டூ கோப்பையாவது வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஈ2அண்டூ கட்டளையால் மாற்றங்களைத் திரும்பப் பெறலாம்.

இரண்டாம் சோதனை: கேள்வி மட்டும், மாற்றம் இல்லை

இப்போது ஈ2எஃப்எஸ்சிகே-யை எஃப், என் என்ற இரு ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். எஃப் என்பது "கிளீன்" என்று குறிக்கப்பட்டிருந்தாலும் முழுமையாகச் சோதிக்கச் சொல்கிறது. என் என்பது எந்தக் கேள்விக்கும் "வேண்டாம்" என்றே பதில் சொல்லி, வட்டில் எதையும் எழுதாமல் பார்த்துக்கொள்கிறது. மவுண்ட் செய்யப்பட்ட நிலையில் ஓட்டினால் வரும் முடிவை நம்பவே கூடாது, இல்லாத பிழைகளையெல்லாம் அது காட்டும்.

முடிவில் வெளியேற்ற எண் (நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்) 0 என்றால் கணக்குகள் ஒத்துப்போகின்றன. 4 என்றால் திருத்தப்படாத பிழைகள் இருக்கின்றன. முதல் பழுதுபார்ப்பு 1 என்ற எண்ணோடு, அதாவது "பிழைகள் திருத்தப்பட்டன" என்று முடிந்திருந்தும் இப்போது 4 வந்தால், இரண்டுக்கும் இடையில் மவுண்ட் செய்து எழுதினீர்களா என்று யோசியுங்கள். எழுதாமலேயே புதிய பிழைகள் தோன்றினால் வட்டையோ கேபிளையோ நினைவகத்தையோ சந்தேகிக்க வேண்டும். அதே சோதனையை அடுத்தடுத்து இருமுறை ஓட்டி, இரு முறையும் வெவ்வேறு பிழைகள் வந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடுகிறது: மாறாத தரவைப் படிக்கும் நிரல் மாறும் பதிலைத் தரக் காரணமில்லை. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள்.

முதல் பதிவைப் படிப்பது

ஈ2எஃப்எஸ்சிகே ஐந்து கட்டங்களாக வேலை செய்கிறது. முதல் கட்டம் ஐநோடுகளையும் அவற்றின் பிளாக்குகளையும், இரண்டாவது அடைவுகளின் உள்ளமைப்பையும், மூன்றாவது அடைவுகள் மூல அடைவோடு இணைந்திருக்கின்றனவா என்பதையும், நான்காவது இணைப்பு எண்ணிக்கைகளையும், ஐந்தாவது மொத்தக் கணக்குகளையும் சரிபார்க்கிறது. நமக்கு இரண்டும் மூன்றும்தான் பொன்னானவை; ஐந்தாம் கட்டத்தில் வரும் நீண்ட எண் வரிசைகள் பயமுறுத்தினாலும் அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இரண்டாம் கட்டத்தில் "டைரக்டரி கரப்டட், சால்வேஜ்" என்ற வரி இருந்தால், அந்த அடைவின் ஒரு பிளாக்கே கெட்டிருந்தது என்று பொருள். வரியில் அடைவின் ஐநோடு எண்ணும், எத்தனையாவது பிளாக், எந்த இடத்தில் என்பதும் இருக்கும். மூன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த பிளாக்கிலிருந்த பெயர்கள் போயிருக்கும், ஆனால் கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்டில் இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, "ஹேஸ் டெலீட்டட்/அன்யூஸ்டு ஐநோடு, கிளியர்" என்று ஒரு கோப்பின் பெயரோடு வரி இருந்தால் அது இரண்டாம் வகை இழப்பு: பெயர் இருந்தது, அது சுட்டிய ஐநோடு வெறுமையாக இருந்தது, எனவே பெயர் நீக்கப்பட்டது. இத்தகைய வரிகளிலிருந்து பெயர்களைத் திரட்டினால், பேக்கப்பிலிருந்து எதையெல்லாம் மீட்டெடுக்க வேண்டும் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கும். வேறெங்கும் அந்தப் பட்டியல் கிடைக்காது.

மூன்றாம் கட்டத்தில் வரும் "அன்கனெக்டட் டைரக்டரி ஐநோடு" என்ற வரி இன்னும் அருமையானது. தாய் அடைவிலிருந்து அறுந்துபோன ஓர் அடைவை லாஸ்ட்+ஃபவுண்டில் சேர்க்கும்போது, அதன் இரட்டைப் புள்ளிப் பதிவு பழைய தாயை விட்டு லாஸ்ட்+ஃபவுண்டைச் சுட்டுமாறு நிரல் திருத்திவிடுகிறது. ஆகவே அந்த அடைவு முன்பு எங்கே இருந்தது என்ற செய்தி வட்டிலிருந்து அழிந்துவிடுகிறது. புதிய பதிப்புகள் அதே வரியில் அடைப்புக்குள் பழைய தாயின் பாதையையும் அச்சிடுவதால், அந்தப் பதிவுக் கோப்புதான் ஒரே சாட்சி. பதிவைப் பத்திரப்படுத்தச் சொன்னதன் காரணம் இதுதான்.

முதல் கட்டத்தில் "மல்ட்டிப்ளி-கிளெய்ம்டு பிளாக்ஸ்" என்று இருந்தால், ஒரே பிளாக்கை இரு கோப்புகள் தமது என்று சொல்லியிருக்கின்றன. நிரல் அதைப் பிரதியெடுத்து இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிடும். ஆனால் உள்ளடக்கம் ஒருவருக்குத்தான் சொந்தம். அந்த வரிகளில் வரும் கோப்புகளை, அவை திறந்தாலும் நம்பாதீர்கள்.

டீபக்எஃப்எஸ்: உள்ளே எட்டிப் பார்ப்பது

டீபக்எஃப்எஸ் கருவியை டபிள்யூ ஆப்ஷன் கொடுக்காமல் திறந்தால் அது படிக்க மட்டுமே செய்யும். எனவே அஞ்ச வேண்டியதில்லை. பிட்மேப்களும் (எந்த பிளாக், எந்த ஐநோடு பயன்பாட்டில் உள்ளது என்ற குறிப்புகள்) கெட்டிருந்து திறக்க மறுத்தால் சிறிய சி ஆப்ஷனைச் சேருங்கள். உள்ளே ஸ்டாட் கட்டளையோடு ஐநோடு எண்ணைக் கோண அடைப்புக்குள் கொடுத்தால் அதன் விவரம் வரும்; அடைப்பை மறந்தால் அந்த எண்ணையே பெயராகக் கொண்ட கோப்பைத் தேடி, இல்லை என்று சொல்லிவிடும். வெளியீட்டில் டிடைம் என்ற அழிப்பு நேரத்தைக் கவனியுங்கள். அது நீங்கள் பழுதுபார்த்த நேரத்தோடு ஒத்துப்போனால், அந்த ஐநோடை அழித்தது பயனர் அல்லர், பழுதுபார்ப்பு நிரல்.

சிதைந்த அடைவின் பிளாக் எண்களைப் பிளாக்ஸ் கட்டளை சொல்லும்; அந்த எண்ணை பிடி கட்டளைக்குக் கொடுத்தால் பிளாக்கின் பைட்டுகள் அப்படியே வரும். முன்னே விளக்கிய பதிவு வடிவத்தை வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். முழு பிளாக்கும் பூஜ்யம் என்றால், மின்தடையின்போது எழுதப்படாமல் போயிருக்கலாம், அல்லது டிடிரெஸ்க்யூ படிக்க முடியாமல் விட்ட பகுதியாக இருக்கலாம். மேப் கோப்பு பதில் சொல்லும். அடைவு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எழுதிய கடிதத்தின் வரிகள் தென்பட்டால், வேறொரு கோப்புக்குரிய எழுத்து இடம் மாறி விழுந்திருக்கிறது. இந்தப் பார்வையைப் படிமத்தின் மீதும், முடிந்தால் பழுதுபார்ப்புக்கு முன் எடுத்த படிமத்தின் மீதும் நடத்த வேண்டும், ஏனெனில் பழுதுபார்ப்பு பல வேளைகளில் அடைவை முழுவதுமாகத் திருப்பி எழுதிவிடுகிறது.

மூன்றாவது ஒரு தடயம் உண்டு. அது எனக்குப் பிடித்தமானது. எடுத்துக்காட்டாக, பழுதுபார்ப்புப் பதிவில் ஒரு கோப்பின் பெயர் 1310736 என்ற பயன்படாத ஐநோடைச் சுட்டியதாக இருக்கிறது. லாஸ்ட்+ஃபவுண்டிலோ 262160 என்ற பெயரற்ற கோப்பு ஒன்று கிடக்கிறது. இரண்டையும் கழித்துப் பாருங்கள்: 1048576, அதாவது 2-இன் 20-ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருக்கிறது. இது மின்தடையால் வருவதன்று. பெரும்பாலும் பழுதான நினைவகத்தின் கைவேலை. அதோடு, பெயர் எந்தக் கோப்புக்கு உரியது என்பதும் அதே கழித்தலில் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு குழப்பமான அறிகுறி: எல்எஸ் கட்டளையில் பெயர் தெரிகிறது, எல் ஆப்ஷனோடு கேட்டால் விவரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வருகின்றன, திறந்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. பெரிய அடைவுகளில் பெயர்களை விரைவாகத் தேடுவதற்கென வைத்திருக்கும் எச்ட்ரீ என்ற சுட்டுமரம் கெட்டிருந்தால் இப்படி நேரும். டீபக்எஃப்எஸ்ஸில் எச்ட்ரீ_டம்ப் கட்டளை அந்த மரத்தைக் காட்டும். ஈ2எஃப்எஸ்சிகே-யின் பெரிய டி ஆப்ஷன் மரத்தைப் புதிதாகக் கட்டித்தரும். ஆனால் அது அடைவுகளின் பிளாக்குகளைத் திருப்பி எழுதுவதால், நீக்கப்பட்ட பதிவுகளின் மிச்சமும் துடைக்கப்பட்டுவிடும். எனவே அதற்கு முன்பாக டீபக்எஃப்எஸ்ஸில் எல்எஸ் கட்டளையைச் சிறிய டி ஆப்ஷனோடு ஓட்டி, நீக்கப்பட்ட பெயர்கள் ஏதேனும் எஞ்சியுள்ளனவா என்று பார்த்துவிடுங்கள்.

லாஸ்ட்+ஃபவுண்டைப் பிரிப்பது

இங்கே தனிக் கோப்புகளைத் தொடுவதற்கு முன் அடைவுகளைப் பாருங்கள். மேலடைவின் பெயர் மட்டும் எண்ணாக மாறியிருக்கும். உள்ளே இருப்பவை பழைய பெயர்களோடு அப்படியே இருக்கும். ஓர் அடைவை அடையாளம் கண்டுகொண்டால் ஆயிரம் கோப்புகள் ஒரே நேரத்தில் இடம் சேரும். பிறகு தனிக் கோப்புகளின் வகையை ஃபைல் கட்டளையால் அறியலாம்.

எந்த அடைவைச் சேர்ந்தது என்று தெரியாத கோப்புகளுக்கு ஐநோடு எண்ணே துப்புக் கொடுக்கிறது. எக்ஸ்ட்4 ஒரு கோப்பைப் புதிதாக உருவாக்கும்போது, இடமிருந்தால் அதன் தாய் அடைவு இருக்கும் பிளாக் குழுவிலேயே (வட்டை எக்ஸ்ட்4 பிரித்து வைத்திருக்கும் பெரிய பகுதிகளில் ஒன்று) ஐநோடை ஒதுக்க முயல்கிறது. டம்ப்ஈ2எஃப்எஸ் கட்டளையைச் சிறிய எச் ஆப்ஷனோடு ஓட்டினால் ஒரு குழுவுக்கு எத்தனை ஐநோடுகள் என்பது தெரியும். பல வட்டுகளில் அது 8192. ஐநோடு எண்ணில் ஒன்றைக் கழித்து 8192-ஆல் வகுத்தால் குழு எண் கிடைக்கும். 262160 என்பது 32-ஆம் குழு. நாம் முன்பு பார்த்த 262145 என்ற அடைவும் அதே குழுதான். இது உறுதியான சான்று அன்று, கோப்பு வேறோர் அடைவில் பிறந்து பிறகு நகர்த்தப்பட்டிருக்கலாம். ஆயினும் உருவான நேரமும் உரிமையாளரும் சேர்ந்து பொருந்தினால் நம்பலாம்.

மீட்டவற்றை அதே பார்ட்டிஷனுக்குள் நகர்த்தாமல் வேறொரு வட்டுக்குப் பிரதியெடுங்கள். டீபக்எஃப்எஸ்ஸின் ஆர்டம்ப் கட்டளை ஓர் அடைவை உள்ளடக்கத்தோடு அப்படியே வெளியே எடுத்துத் தரும். பழைய பார்ட்டிஷனை மறுபடியும் பயன்படுத்துவதாக இருந்தால், டம்ப்ஈ2எஃப்எஸ் வெளியீட்டில் "எஃப்எஸ் எரர் கவுண்ட்" என்ற வரி தோன்றுகிறதா என்று சில வாரங்கள் கவனியுங்கள். முழுப் பழுதுபார்ப்புக்குப் பின் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், அதில் ஒன்று ஏறினாலும் அது புதிய பிழைதான். அதே கணக்கைக் கர்னலும் நாளுக்கு ஒருமுறை தன் பதிவில் எழுதும். முதல் பிழையும் கடைசிப் பிழையும் எந்த நேரத்தில், எந்தச் செயற்கூற்றில் நேர்ந்தன என்பதும் அதோடு இருக்கும்.